பாதாள சாக்கடையும் நில வகைப்பாடும்: வளரும் புறநகருக்குத் திட்டம் போடுவது எப்படி?

நம் புறநகர்களில் வீடுகள் முதலில் வந்துவிடுகின்றன. பாதாள சாக்கடை பல வருஷம் கழித்துத்தான் வருகிறது. அதுவரை செப்டிக் டேங்கும் கழிவுநீர் லாரியும்தான் கதி; மிச்சம் ஏரிக்குப் போகிறது. இதை மாற்ற வேண்டுமானால், எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று சொல்லும் வரைபடத்தையும் குழாய் வரைபடத்தையும் சேர்த்தே போட வேண்டும். 2021இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து உருவான தாம்பரம் மாநகராட்சியை வைத்துப் பார்ப்போம்.

படி 1: சரிவைப் பாருங்கள்

கழிவுநீர் முடிந்தவரை தானாக ஓட வேண்டும். அதனால் வார்டு எல்லைகளை ஓரமாக வைத்துவிட்டு, நில மட்டம் காட்டும் வரைபடத்தை எடுங்கள். தாம்பரத்தின் மேற்கே முடிச்சூர் பக்கத்துத் தண்ணீர் அடையாற்றுக்குப் போகிறது. கிழக்கே செம்பாக்கம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகிறது. ஆக, குறைந்தது இரண்டு வடிநிலங்கள். ஏரிகளின் கலங்கலும் (ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் இடம்) உபரிநீர்க் கால்வாயும் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

படி 2: நிலத்தை மக்கள்தொகையாக மாற்றுங்கள்

இன்று இருக்கும் வீடுகளை எண்ணினால் போதாது. குழாய் அமைப்பை 30 ஆண்டுகளுக்குத் திட்டமிடுவது வழக்கம். குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, தொழிற்சாலை, விவசாயம் என்ற வகைப்பாடும், எஃப்எஸ்ஐ எனப்படும் தளப்பரப்புக் குறியீடும் (மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற அளவு) சேர்ந்துதான் அங்கே எத்தனை பேர் வரக்கூடும் என்று சொல்லும்.

படி 3: கணக்கு

இங்கே நிதானமாக வாருங்கள். 100 ஹெக்டேர் பகுதி, ஹெக்டேருக்கு 200 பேர் என்று வைத்துக்கொள்வோம்; மொத்தம் 20,000 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் எடுக்கும் அளவு. அப்படியென்றால் ஆளுக்கு 108 லிட்டர், மொத்தம் நாளைக்கு 21.6 லட்சம் லிட்டர், அதாவது நொடிக்கு 25 லிட்டர். ஆனால் காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் குளிப்பார்கள். அதனால் இந்த அளவு மக்கள்தொகை இருந்தால் சராசரி ஓட்டத்தைப் போல 3 மடங்கு எடுக்க வேண்டும் (இதுதான் உச்ச மடங்கு): நொடிக்கு 75 லிட்டர். 200 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவில், 350 மில்லிமீட்டர் குழாய் இதைத் தாங்கும்.

சரி, அதே இடத்தில் அடுக்குமாடிகள் வந்து மக்கள்தொகை 40,000 ஆனால்? உச்ச மடங்கு 2.5 ஆகக் குறையும், ஆனாலும் நொடிக்கு 125 லிட்டர் வரும். 350 குழாய் பொங்கும். 400 குழாய் போட்டிருந்தால் தாங்கியிருக்கும். அந்த 50 மில்லிமீட்டரை முதலிலேயே சேர்ப்பது மலிவு. பிறகு ரோட்டைத் தோண்டி மாற்றுவது அப்படியல்ல. ஆகவே வகைப்பாட்டை மாற்றக் கேட்டு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

படி 4: இடம் ஒதுக்குங்கள்

சமதரையில் இதே சரிவில் ஒரு கிலோமீட்டர் போனால் குழாய் 5 மீட்டர் ஆழம் இறங்கிவிடும். அங்கே ஒரு கழிவுநீரேற்று நிலையம் தேவை. அதற்கான தாழ்வான இடத்தை மனைகள் விற்குமுன் வரைபடத்தில் ஒதுக்கிவிடுங்கள். வீடுகள் வந்தபின் தங்கள் தெருவில் இதை யாரும் விடமாட்டார்கள். அந்த இடம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியாக இருக்கக்கூடாது.

தெரு அகலமும் இதில் சேர்ந்ததுதான். சிறிய குழாய்களில் 30 மீட்டருக்கு ஒரு மேன்ஹோல் வரும். அடைப்பெடுக்கும் இயந்திர லாரி நுழைய முடியாத தெருவுக்கு லேஅவுட் அனுமதி தந்தால், நாளை ஒரு மனிதரைத்தான் குழிக்குள் இறக்கப் பார்ப்பார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றி அப்படி இறக்குவதைத் தடை செய்கிறது. இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

படி 5: வரிசை

சுத்திகரிப்பு நிலையம், நீரேற்று நிலையம், பிரதான குழாய், தெருக் குழாய், கடைசியாக வீட்டு இணைப்பு. இதற்கேற்றபடி அடர்த்தியான கட்டடங்களுக்கு அனுமதி கொடுங்கள். குழாய் எட்டாத பகுதியில் அடர்த்தியைக் குறைவாகவே வையுங்கள்.

அப்புறம், இணைப்புக் கொடுக்கும்போது மொட்டைமாடித் தண்ணீர் கழிவுநீர்க் குழாயில் விழுகிறதா என்று வீடு வீடாகப் பாருங்கள். நம் கணக்கில் மழைநீர் இல்லை. அது மழைநீர் வடிகாலுக்கோ உறை கிணற்றுக்கோதான் போக வேண்டும்.