பறவை பார்க்கும் குழுவில் புதியவரை வாயடைக்க வைக்கும் தவறுகள்

2015இல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் பல ஊர்களில் பறவை பார்க்கும் சிறு குழுக்கள் உருவாகியிருக்கின்றன. இருபது முப்பது பேர், ஒரு வாட்ஸ்அப் குழு, ஞாயிறு காலையில் ஏரிக்கரை. பொங்கல் சமயத்தில் எல்லோரும் படம் போடுவார்கள். ஆடி பிறப்பதற்குள் அதே நாலு பேர்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். பழைய குழுக்களைக் கரைத்த அதே பழக்கங்கள் புதிய குழுக்களிலும் வந்துவிடுவதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. கேலி செய்யக் கூடாது, திட்டக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நல்லெண்ணத்தோடு செய்யும் தவறுகள்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சரியான பெயரை மட்டும் சொல்வது

மீன் சந்தைக்கு மேலே வட்டமிட்ட பழுப்புப் பறவையை ஒருவர் கைபேசியில் எடுத்து, ‘கள்ளப்பருந்து’ என்று எழுதிப் போடுகிறார். அரை நிமிடத்தில் பதில் வருகிறது: ‘தவறு. செம்பருந்து, இளம் பறவை.’ பதில் சரிதான். ஆனால் அவர் அடுத்த படம் போட இரண்டு மாதம் யோசிப்பார். சிலர் போடவே மாட்டார்கள்.

அவர் என்ன தவறு செய்தார் என்று பாருங்கள். வெள்ளைத் தலையும் செங்காவி உடலும் வளர்ந்த செம்பருந்துக்குத்தான் உண்டு. இளசு உடல் முழுக்கப் பழுப்பாக இருக்கும். பருந்து என்று கண்டுபிடித்ததும் சரி, பழுப்பு என்று குறித்ததும் சரி. பார்க்காமல் விட்டது வால் ஒன்றைத்தான். கள்ளப்பருந்தின் வால் நடுவில் பிளவுபட்டிருக்கும். செம்பருந்தின் வால் நுனி வளைந்து உருண்டிருக்கும். வெறும் பெயரைச் சொன்ன பதிலில் இந்த வால் இல்லை. ஆகவே அடுத்த முறையும் அவர் அதையே எழுதுவார், அதற்கும் ‘தவறு’ என்றே பதில் வரும்.

மூன்று வரியில் எழுதிப் பாருங்கள். முதல் வரியில் அவர் சரியாகக் கண்டது. இரண்டாவதில் ஒரே ஓர் அடையாளம், அதுவும் அவருடைய படத்திலேயே காட்டி. மூன்றாவதில் அவர் திரும்பிப் பார்க்க ஒரு கேள்வி.

‘பருந்து என்றது சரி, நிறத்தையும் நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். உங்கள் இரண்டாவது படத்தில் வால் நுனியைப் பெரிதாக்கிப் பாருங்கள், பிளவு இல்லாமல் உருண்டிருக்கிறது. அதனால் இது இளம் செம்பருந்து. அங்கே வேறு பருந்துகளும் இருந்தனவா, அவற்றின் வால் எப்படி?’

ஒரே ஓர் அடையாளம் என்பதை விட்டுவிடாதீர்கள். வெண்கொக்குகளைப் பற்றிக் கேட்டவரிடம் அலகு, கால்விரல், கழுத்து வளைவு, கண்ணைத் தாண்டும் வாய்க்கோடு என்று நாலையும் ஒரே மூச்சில் கொட்டினால் எதுவும் நிற்காது. ‘சின்னக் கொக்குக்குக் கருப்பு அலகு’ என்பது முதல் வாரத்துக்குப் போதும். மஞ்சள் விரல்கள் அடுத்த வாரம்.

படத்தில் வால் தெளிவாக இல்லையென்றால், ‘இதை வைத்து என்னாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை’ என்று எழுதுங்கள். பத்து வருடம் பார்த்தவர் வாயிலிருந்து இது வரும்போது புதியவருக்குக் கிடைக்கும் தெம்பு பெரிது. பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளமான ஈபேர்டில்கூட இனம் தெரியாத வெண்கொக்கை ‘வெண்கொக்கு வகை’ என்று பொதுவாகப் பதியலாம். தெரியாததைத் தெரியாதென்று பதிவதும் நல்ல பதிவுதான்.

இன்னொன்று, தெரிந்தவர்கள் ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். ஆறு மாதம் முன்பு சேர்ந்தவர் பதில் சொல்லிப் பழக அந்த இடைவெளிதான் வாய்ப்பு. அவர் பிசகினால் அவருக்கும் அதே மூன்று வரி.

இதை இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. பதினைந்து நிமிடம் நின்று பார்த்து எண்ணினால் ஈபேர்டில் ஏற்ற ஒரு பட்டியல் ஆகிவிடும். ஆனால் ஓர் ஊர்க் குளத்தை அப்படி நின்று பார்க்க அந்தப் புதியவர் ஒருவரே இருக்கலாம். அவர் நிறுத்திவிட்டால் அந்தக் குளம் வரைபடத்தில் வெற்றிடம்.

‘அருமை’, ‘சூப்பர்’ என்று மட்டும் சொல்வது

எதற்கு என்று சொல்லுங்கள். ‘கூட்டத்தில் எத்தனை என்று எண்ணியிருக்கிறீர்களே, அது நல்லது.’

லென்ஸுக்குக் கைதட்டுவது

600 மி.மீ. லென்ஸில் எடுத்த மீன்கொத்திக்கு முப்பது கைதட்டல், கைபேசியில் மங்கலாக விழுந்த பெண் குயிலுக்கு மௌனம். கருப்புக் குயிலை மட்டுமே அறிந்தவர் புள்ளி போட்ட பழுப்புப் பறவையைப் பார்த்துத் திகைத்திருப்பார். பேச வேண்டிய படம் அதுதான். வாரத்தில் ஒரு நாள் படமே இல்லாத பதிவுகளுக்கு ஒதுக்குங்கள்: நேரம், இடம், எண்ணிக்கை, பறவை என்ன செய்தது.

பதில் இல்லாமல் விடுவது

ஒரு நாளுக்கு மேல் கூடாது. யார் பதில் சொல்வது என்று முறை வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப்பெயரைத் தள்ளுவது

குருட்டுக் கொக்கு என்றவரிடம் ‘மடையான் என்று சொல்லுங்கள்’ என்று திருத்த வேண்டாம். இரண்டு பெயரும் அந்தப் பறவைக்கு உண்டு. உங்கள் ஊரில் வேறு என்னென்ன சொல்வார்கள் என்று கேளுங்கள்.

கூட்டின் படத்துக்குப் பொதுவில் கண்டிப்பது

ஆள்காட்டிப் பறவை வெட்டவெளித் தரையில் முட்டையிடும். அதைக் கண்ட மகிழ்ச்சியில் ஒருவர் கிட்டே போய்ப் படமெடுத்துப் போடுவார். சும்மா விட முடியாது: ஆள் நிற்கும்வரை தாய் திரும்பாது, முட்டை வெயிலில் காயும், காகமும் கவனித்திருக்கும். ஆனால் எல்லோர் முன்னாலும் கண்டித்தால் ஆள் போய்விடுவார். உடனே தனியாக அழைத்துக் காரணத்தைச் சொல்லுங்கள், படத்தை அவரே நீக்கட்டும். எட்டி நின்று, முட்டைகள் பொரிந்தனவா என்று வாரம் ஒருமுறை பார்த்துச் சொல்லும் பொறுப்பையும் அந்த அழைப்பிலேயே அவரிடம் கொடுங்கள்.