முதல் ரைபிளுக்கு காலிபர் தேர்ந்தெடுக்கும்போது நடக்கும் தவறுகள்

பாதுகாப்புப் பயிற்சி, தேர்வு, அப்புறம் முதல்முறை விண்ணப்பிப்பவருக்கான 28 நாள் கட்டாயக் காத்திருப்பு. இவ்வளவையும் தாண்டி கனடாவில் ஒருவர் கைக்குத் துப்பாக்கி உரிமம் வருவதற்குள் அவர் யூடியூபில் நூறு வீடியோ பார்த்து முடித்திருப்பார். கடைக்குள் நுழையும்போதே மனதில் ஒரு காலிபர், அதாவது எந்த அளவுத் தோட்டா சுடும் துப்பாக்கி என்பது, முடிவாகியிருக்கும். பல நேரம் அது அவருக்குப் பொருந்தாத காலிபர்.

நான் இங்கே பேசுவது ஒன்டாரியோவில் இருக்கும் ஒருவரைப் பற்றி. வார இறுதியில் ரேஞ்சுக்குப் போய் இலக்கைச் சுடுவார், நவம்பரில் சில நாள் மான் வேட்டைக்குப் போவார், என்றாவது அதிர்ஷ்டம் இருந்தால் மூஸ் என்ற மிகப் பெரிய மான். இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை, எனவே இதில் பாதி உங்களுக்குப் பயன்படாது.

முதல் தவறு, மூஸை நினைத்துக்கொண்டு வாங்குவது. "ஐந்நூறு கிலோ மிருகம், சின்ன தோட்டா தாங்குமா?" என்று கேட்டு மருந்து அதிகமுள்ள, பலமான .300 வின்செஸ்டர் மேக்னத்தை எடுத்துவிடுகிறார்கள். ஒன்டாரியோவில் மூஸ் டேக், அதாவது மூஸைச் சுட அனுமதிச் சீட்டு, எல்லோருக்கும் வருஷா வருஷம் கிடைப்பதில்லை. புள்ளிகள் சேர்த்துக் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு நாளுக்காக மற்ற நாளெல்லாம் சுடும்போது மேக்னம் பின்னால் தள்ளும் உதையைத் தோளில் வாங்க வேண்டுமா?

உதையின் அளவைக் கொஞ்சம் பார்ப்போம். ஏறக்குறைய ஒரே எடையுள்ள ரைபிள்களில் .308 தோளுக்குக் கொடுக்கும் உதையை 10 என்று வைத்துக்கொண்டால், .223க்கு சுமார் 2, .243க்கு 5, 6.5 க்ரீட்மோருக்கு 7, .30-06க்கு 11 அல்லது 12, .300 மேக்னத்துக்கு 15 என்று வரும். குண்டின் (தோட்டாவிலிருந்து பறந்துபோகும் முனையின்) எடையும் துப்பாக்கியின் எடையும் மாறினால் இந்தக் கணக்கும் கொஞ்சம் அசையும். 15 என்பது வலிக்கும் என்பதோடு முடிவதில்லை. பத்துப் பதினைந்து தோட்டாவுக்குப் பிறகு உடம்பு அந்த அடியை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். விசையை அழுத்தும் அந்தக் கணத்தில் கண் மூடும், தோள் முன்னால் தள்ளும், குண்டு கீழே போகும். ஒருமுறை இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு .22ஐக் கையில் கொடுத்தாலும் அப்படியே செய்வார்கள். மேக்னம் வாங்கியவர் ரேஞ்சுக்கு வருவதும் மெல்லக் குறையும், ஏனென்றால் தோட்டாவும் விலை அதிகம், தோளும் வலிக்கிறது. கடைசியில் வேட்டைக்கு முந்தின வாரம் நாலு தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டுக் காட்டுக்குப் போகிறார்.

மூஸுக்கு மேக்னம் இல்லாமல் ஆகாது என்பவர்கள் ஸ்வீடனைப் பார்க்கலாம். 1894இல் வந்த 6.5×55 தோட்டாவை வைத்துக்கொண்டே அங்கே தலைமுறை தலைமுறையாக மூஸ் வேட்டையாடி வந்திருக்கிறார்கள். நீளமான, நன்றாக ஊடுருவும் குண்டு சரியான இடத்தில் விழுந்தால் போதும். சரியான இடத்தில் விழ வைப்பது பழக்கம், பழக்கத்துக்குத் தோட்டாக்கள் சுட்டாக வேண்டும்.

அடுத்தது, தூரத்தைக் கனவில் அளப்பது. 6.5 க்ரீட்மோர் 2007இல் வந்தது. காற்றில் குறைவாக விலகும், நெடுந்தூரத்தில் வேகத்தை நன்றாகத் தக்கவைக்கும், எல்லாம் உண்மைதான். ஆனால் உங்கள் ரேஞ்சின் நீளம் என்ன? பல கிளப்புகளில் 100 மீட்டர், கூடிப்போனால் 200. அந்தத் தூரத்தில் க்ரீட்மோருக்கும் .308க்கும் உள்ள வித்தியாசத்தைக் காகிதத்தில் கண்டுபிடிக்க முடியாது. ஒன்டாரியோவின் அடர்ந்த காட்டில் மான் கண்ணில் படுவதே பெரும்பாலும் 100 மீட்டருக்குள். உதை குறைவு என்பதற்காக க்ரீட்மோர் வாங்கினால் அது நல்ல காரணம். ஆயிரம் கெஜத்துக்காக என்றால், அந்த ஆயிரம் கெஜம் எங்கே இருக்கிறது என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒட்டாவா பக்கத்தில் கொனாட் சுடுகளம் இருக்கிறது, அங்கே 1,000 கெஜம் வரை சுடலாம். அங்கே போட்டியில் இறங்கும் ஆசை இருந்தால் இன்னொரு சங்கதி. நெடுந்தூரப் போட்டிப் பிரிவுகளான ஃபுல்போர் டார்கெட் ரைபிளிலும் எஃப்-டிஆரிலும் .223, .308 இரண்டுக்கு மட்டுமே அனுமதி. க்ரீட்மோரோடு போனால் காலிபர் கட்டுப்பாடு தளர்ந்த எஃப்-ஓப்பன் பிரிவில்தான் நிற்க வேண்டும், அங்கே மற்றவர்கள் தனியாகச் செய்த விலையுயர்ந்த துப்பாக்கிகளோடு படுத்திருப்பார்கள். போட்டியின் விதிப்புத்தகத்தை வாங்கும் முன்பே படித்துவிடுவது நல்லது. குழலின் ஆயுளும் உண்டு. .308 குழல் 5,000 தோட்டா வரை துல்லியம் கெடாமல் போகும் என்றால், க்ரீட்மோருக்கு 2,000 முதல் 3,000 என்று வைத்துக்கொள்ளலாம். நிறைய சுடுபவருக்கு அது பணம். மாதம் ஒருமுறை வருபவர் இதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

சட்டம் பார்க்காமல் வாங்குவது இதையெல்லாம்விட அபத்தமான தவறு. தெற்கு ஒன்டாரியோவின் பல வேட்டை மண்டலங்களில் மானுக்கு ரைபிளே கூடாது. ஷாட்கன், குழலின் வாய் வழியாக வெடிமருந்து நிரப்பும் துப்பாக்கி, வில் ஆகியவைதான். டொராண்டோவைச் சுற்றியுள்ள பகுதி உட்பட தெற்கின் பல கவுன்டிகளில் .275க்கு மேற்பட்ட காலிபர் ரைபிளை வேட்டைக்குக் கொண்டுபோக பொதுவாகத் தடை இருக்கிறது. .22 போன்ற ரிம்ஃபயர் (உறையின் விளிம்பில் அடித்துப் பற்றவைக்கும்) துப்பாக்கியால் மான், மூஸ், கரடி எதையும் சுடக் கூடாது. மாகாணம் ஒவ்வொரு வருஷமும் வெளியிடும் வேட்டை விதிகளின் சுருக்கத்தில் உங்கள் மண்டல எண்ணைத் தேடிப் பார்த்தால் அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. எங்கே வேட்டையாடப் போகிறீர்கள் என்று தெரியாமல் எதை வாங்குவது என்று கேட்பதில் அர்த்தமில்லை. மத்திய அரசின் பட்டியலையும் மறக்க வேண்டாம். 2020 மே மாதத்திலிருந்து ஏஆர்-15 வகை அரைத்தானியங்கி ரைபிள்களுக்குத் தடை, அதே உத்தரவில் 10,000 ஜூலுக்கு மேல் ஆற்றல் தரும் ரைபிள்களும் போயின. அதற்குப் பிறகும் பட்டியல் நீண்டிருக்கிறது. அமெரிக்க வீடியோ பார்த்து ஆசைப்பட்டது இங்கே கடையிலேயே இருக்காது.

எண்களை நம்பி ஏமாறுவது தனிக்கதை. .308 வின்செஸ்டர், .30-06, .300 மேக்னம் மூன்றிலும் குண்டின் விட்டம் ஒன்றுதான், 0.308 அங்குலம். ஆனால் தோட்டாவின் உறை வேறு வேறு, ஒன்றை மற்றதில் போடக் கூடாது. .270இன் குண்டு உண்மையில் 0.277 அங்குலம். .303 பிரிட்டிஷின் குண்டு 0.311க்கு மேல். .30-06இல் உள்ள 06 அளவே அல்ல, 1906 என்ற வருஷம். இதில் உயிருக்கே ஆபத்தானது .300 பிளாக்அவுட். சில குண்டுகளோடு அது .223 துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் நுழைந்துகொள்ளும், சுட்டால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். 5.56 ராணுவத் தோட்டாவும் .223இன் இரட்டைப் பிள்ளை போல இருக்கும். குழலில் .223 என்று மட்டும் பொறித்திருந்தால் அதில் 5.56 வேண்டாம், அழுத்தம் எல்லை மீறலாம். பெட்டியில் எழுதியிருப்பதும் குழலில் பொறித்திருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இதில் "கிட்டத்தட்ட" என்பதே கிடையாது.

.223 பற்றிப் பேசும்போது முறுக்கு விகிதத்தையும் சொல்லிவிடுகிறேன். குழலுக்குள் இருக்கும் சுருள் பள்ளம் எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று முடிக்கிறது என்பதுதான் அது. பழைய .223கள் பலவற்றில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அவை 55 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டோடு அழகாகச் சுடும். அதில் 77 கிரெய்ன் மேட்ச் குண்டை, அதாவது இலக்குப் போட்டிக்கான குண்டை, போட்டால் சுழற்சி போதாமல் குண்டு பக்கவாட்டில் புரண்டு, காகிதத்தில் சாவித்துவாரம் மாதிரி ஓட்டை விழும். அதற்கு 7 அல்லது 8 அங்குல முறுக்கு வேண்டும். காலிபரைக் கேட்டு வாங்குபவர்கள் இந்த ஒரு எண்ணைக் கேட்பதே இல்லை. பிறகு ஸ்கோப்பைக் குறை சொல்கிறார்கள்.

ரேஞ்சுக்கும் காட்டுக்கும் ஒரே தோட்டா என்பதையும் விட வேண்டும். மேட்ச் குண்டின் மூக்கில் சின்ன ஓட்டை இருப்பதைப் பார்த்து, உடம்புக்குள் போனதும் விரியும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது செய்முறையில் வரும் ஓட்டை. சில நேரம் விரியும், சில நேரம் ஊசி போல ஊடுருவிப் போய்விடும், மான் அடிபட்டு ஓடி எங்கோ கிடந்து சாகும். வேட்டைக்கு விரிந்துகொடுக்கும் மென்முனைக் குண்டு அல்லது அதற்கென்றே செய்த செம்புக் குண்டு வாங்குங்கள். தோட்டா மாறினால் குண்டு விழும் இடமும் மாறும், எனவே சீசனுக்கு முன் அந்தப் பெட்டியிலிருந்தே சுட்டு ஸ்கோப்பைத் திருத்த வேண்டும். காலிபருக்காக மாதக்கணக்கில் விவாதித்துவிட்டு, குண்டை மட்டும் தள்ளுபடியில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு வருபவர்களை என்ன சொல்வது?

மானுக்கு .223 போதுமா என்பது எப்போதும் வரும் கேள்வி. நல்ல குண்டு, பக்கத்துத் தூரம், தேர்ந்த கை மூன்றும் சேர்ந்தால் மான் விழும். புதியவரிடம் மூன்றும் சேர்ந்து இருப்பதில்லை. கொலராடோ மாநிலம் பெரிய விலங்குகளுக்கு 0.24 அங்குலத்துக்குக் கீழே அனுமதிப்பதில்லை, அந்தக் கோடு எனக்கு நியாயமாகப் படுகிறது. அந்தக் கோட்டுக்குச் சற்று மேலேயே .243 இருக்கிறது. 1955இல் வந்தது, உதை .308இல் பாதி, மானுக்குத் தாராளம். உடம்பு மெலிந்தவர்களுக்கும், உதைக்குப் பயப்படுபவர்களுக்கும் முதலில் அதைத்தான் சொல்வேன். மூஸும் வேண்டும் என்பவர் .308 பக்கம் போகட்டும். இரண்டுமே வட ஒன்டாரியோவின் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கக்கூடியவை. தோட்டா பெட்டியை வீட்டில் மறந்துவிட்டுப் போனவருக்குத்தான் அதன் அருமை தெரியும். 2020, 2021இல் தோட்டா தட்டுப்பாடு வந்தபோது புதுமையான காலிபர் வைத்திருந்தவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம்.

இரண்டு வேலைக்கும் ஒரே துப்பாக்கி வேண்டும் என்ற பிடிவாதமே ஒரு தவறு என்பேன். கொஞ்சம் விலை குறைந்த .308 ஒன்று வாங்கி, மிச்சத்தில் ஒரு .22 வாங்குங்கள். ஒரு .308 தோட்டாவின் காசுக்கு .22 பல சுடலாம், உதையே இல்லை, விசைப் பழக்கம் முழுக்க அதில் வந்துவிடும். ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் போட்டியே .22இல்தான், பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். விளையாட்டுச் சாமான் என்று நினைத்தும் விட வேண்டாம், பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று போட்டிருக்கும்.

கடைசியாகப் பழைய .303 லீ-என்ஃபீல்ட். கனடாவின் வடக்கில் ரேஞ்சர்கள் என்ற ராணுவ ரிசர்வ் படையினர் 1947இலிருந்து அதைத்தான் தூக்கித் திரிந்தார்கள், அதன் இடத்தில் இப்போது கிச்சனரில் செய்த .308 சி-19 வந்திருக்கிறது. தாத்தா காலத்து .303 யாராவது விற்றால் ஆசையாகத்தான் இருக்கும். மூஸையே விழுத்தும் தோட்டாதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் துப்பாக்கி மலிவாக வந்தாலும் தோட்டா மலிவில்லை. வாங்குமுன் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டுக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) அளந்து பாருங்கள், குழலின் வாயில் தேய்மானம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கூடவே பழைய ராணுவத் தோட்டாக்கள் ஒரு டப்பா கொடுத்தால், அதைச் சுட்ட அன்றே குழலை வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்து எண்ணெய் போட வேண்டும். அந்தக் காலத்துப் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) விட்டுப்போகும் உப்பு வெறும் எண்ணெய்த் துணிக்குக் கரையாது, விட்டுவைத்தால் சில நாளில் குழலுக்குள் துரு ஏறிவிடும்.