எல்எம்358 வைத்து ஒரு வெப்ப எச்சரிக்கை விளக்கு

ஆப்-ஆம்ப் (சிறிய வோல்டேஜைப் பெருக்கவும் இரண்டு வோல்டேஜ்களை ஒப்பிடவும் உதவும் சுற்று) பழக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது எல்எம்358-தான். எட்டுக் கால் ஐசிக்குள் இரண்டு ஆப்-ஆம்ப்கள். 3 முதல் 32 வோல்ட் வரை ஒற்றை சப்ளையில் ஓடும். இன்புட் கிரவுண்டு வரை, அதாவது பேட்டரியின் மைனஸ் அளவுக்கு, இறங்கினாலும் ஒழுங்காக வேலை செய்யும். எல்எம்35 வெப்ப சென்சார் டிகிரி செல்சியஸுக்கு 10 மில்லிவோல்ட்தான் தரும் என்பதால் இந்தக் குணம் நமக்கு வேண்டும். ஒரு பாதி அதைப் பெருக்கும். மறுபாதி எல்இடியை எரிய வைக்கும்.

1. சப்ளை. ஐசியின் வெட்டு மேலே இருக்கும்படி பிரெட்போர்டில் செருகுங்கள். இடது மேல்கால் 1. இடப்பக்கம் கீழே இறங்கி, வலப்பக்கம் மேலே ஏறி எண்ண வேண்டும். 8-க்கு 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ், 4-க்கு மைனஸ். இரண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்.

2. சென்சார். எல்எம்35-இன் தட்டை முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கட்டும். இடமிருந்து பிளஸ், அவுட்புட், கிரவுண்டு. மாற்றிப் போட்டால் சூடேறிவிடும், கவனம். அவுட்புட்டை கால் 3-க்குக் கொடுங்கள்.

3. பெருக்கம். கால் 1-க்கும் 2-க்கும் நடுவே 10 கிலோ ஓம், 2-இலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம். பெருக்கம் 1 + 10/1, அதாவது 11. அறை 30 டிகிரி என்றால் கால் 1-இல் மல்டிமீட்டர் 3.3 வோல்ட் அளவில் காட்டும். சிறு வித்தியாசம் இருந்தால் பயப்பட வேண்டாம். ஐசியின் சில மில்லிவோல்ட் ஆஃப்செட்டும் (இன்புட்டில் இருக்கும் சிறு பிழை) 11 மடங்காகித்தான் வெளியே வருகிறது.

5 வோல்ட் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. எல்எம்358-இன் அவுட்புட் சப்ளையைத் தொடாது, சுமார் 1.5 வோல்ட் கீழேயே நின்றுவிடும். 5 வோல்டில் உச்சம் 3.5 வோல்ட்தான். 32 டிகிரியைத் தாண்டினால் வெயில் ஏறினாலும் அளவு ஏறாது. பலர் ஐசி போய்விட்டது என்று தூக்கிப் போடுவது இந்த இடத்தில்தான். ஐசி நன்றாகவே இருக்கும். 9 வோல்டில் 65 டிகிரிக்கு மேலும் அளக்கலாம்.

4. ஒப்பீடு. கால் 1-இலிருந்து 10 கிலோ ஓம் வழியாக கால் 5-க்கு இணைப்பு. 10 கிலோ ஓம் ப்ரீசெட்டின் (திருப்பி அளவை மாற்றும் மூன்று கால் ரெசிஸ்டர்) இரு முனைகளை பிளஸுக்கும் கிரவுண்டுக்கும் போட்டு, நடுக்காலை 6-க்குக் கொடுங்கள். கால் 7-இலிருந்து 1 கிலோ ஓம், எல்இடி, கிரவுண்டு. கால் 6-இல் 3.85 வோல்ட் வரும்வரை ப்ரீசெட்டைத் திருப்பினால் 35 டிகிரிக்கு மேல் விளக்கு எரியும். சூடான டம்ளரைச் சென்சாரில் ஒட்டிப் பாருங்கள்.

5. நடுக்கம். சரியாக 35-ஐ ஒட்டி எல்இடி மினுக்கலாம். அப்போது கால் 7-க்கும் 5-க்கும் நடுவே 1 மெகா ஓம் சேர்த்துவிடுங்கள். எரிவதற்கும் அணைவதற்கும் சுமார் 0.7 டிகிரி இடைவெளி விழும், மினுக்கம் நின்றுவிடும்.