கணைய அழற்சிக்கு டிரிப்ஸ்: பாட்டிலை எண்ணி ஒப்பிடாதீர்கள்

கடலூர், பண்ருட்டி பக்கம் மேல்வயிற்றில் வலி எடுத்து முதுகு வரை பாய்ந்தால், 'கேஸ்தான்' என்று முடிவு கட்டிவிடுகிறோம். தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புகிறோம். பித்தப்பைக் கல்லோ குடிப்பழக்கமோ உள்ளவருக்கு அது திடீர் கணைய அழற்சியாக, அதாவது செரிமானத்துக்கு உதவும் கணையம் வீங்கிப் புண்ணாகும் நோயாக இருக்கலாம். அதற்கு டிரிப்ஸ் அதிகம் கைகொடுப்பது முதல் நாளில்தான். அந்த நாளை வீட்டில் கழிப்பதுதான் பெரிய தவறு.

அடுத்த தவறு வார்டில் நடக்கிறது. "பக்கத்து பெட்டுக்குப் பத்து பாட்டில் போச்சு, எங்கப்பாவுக்கு அஞ்சுதானா?" கேள்வி நியாயமாகத்தான் படும். ஏனென்றால் இந்த நோயில் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து திசுக்களுக்குள் போய்விடும். ரத்தம் கெட்டிப்படும், சிறுநீர் குறையும். அதனால் நிறைய ஏற்றுவதே நல்லது என்று மருத்துவர்களே ரொம்ப காலம் நம்பினார்கள். வேகமாக ஏற்றுவதையும் மிதமாக ஏற்றுவதையும் ஒப்பிட்டு 2022இல் வெளியான வாட்டர்ஃபால் ஆய்வு அதை மாற்றியது. இந்திய மருத்துவமனைகளும் அதில் பங்கேற்றன. ஒரு பிரிவுக்கு, முதலில் வேகமாக ஏற்றிய பிறகு, உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 3 மில்லி. இன்னொரு பிரிவுக்கு அதில் பாதி, 1.5 மில்லி. வேகமாக ஏற்றியதால் நோயின் கடுமை குறையவில்லை. உடலில் நீர் மிகுந்து அவதிப்பட்டவர்கள்தான் கூடினார்கள்: வேகமாக ஏற்றிய பிரிவில் 20.5 சதவீதம்; மிதமாக ஏற்றிய பிரிவில் 6.3 சதவீதம். அதனால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். மிகுந்த நீர் நுரையீரலில் சேர்ந்தால் மூச்சு வாங்கும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவருக்கு இன்னும் ஆபத்து.

எந்த பாட்டில் என்பதும் முக்கியம். நார்மல் சலைன் என்ற உப்பு நீரில் லிட்டருக்கு 154 மில்லிமோல் குளோரைடு; ரிங்கர் லாக்டேட் (ஆர்.எல்.) என்ற இன்னொரு திரவத்தில் சுமார் 109, ரத்தத்தின் அளவுக்குக் கிட்டத்தில். சலைன் நிறைய போனால் ரத்தத்தில் அமிலத்தன்மை கூடும். அதனால் பொதுவாக ஆர்.எல்.தான் முதல் தேர்வு. ஆனால் ரத்தத்தில் கால்சியம் மிகுந்து வந்த அழற்சிக்கு அது பொருந்தாது, ஆர்.எல்.லிலும் கால்சியம் இருக்கிறது.

விலை அதிகமான மருந்தை டிரிப்ஸில் கலந்தால் சீக்கிரம் குணமாகும் என்பதும் ஒரு நம்பிக்கை. அப்படிக் கலக்கும் ஆக்ட்ரியோடைடு என்ற மருந்து இந்த நோயைத் தணிக்கிறது என்று உறுதியான சான்று இல்லை. நோய்த்தொற்று இல்லாதபோது முன்னெச்சரிக்கையாக ஆண்டிபயாட்டிக் கேட்டு நச்சரிப்பதும் வேண்டாம். ரத்தப் பரிசோதனையில் வரும் லைபேஸ் (கணையம் சுரக்கும் நொதி) எண்ணை தினமும் பார்த்துப் பதறுவதும் அப்படியே. அது நோயைக் கண்டுபிடிக்க உதவும், கடுமையை அளக்காது. டிரிப்ஸ் போகிறதே, சாப்பாடு எதற்கு என்றும் நினைக்காதீர்கள். வாந்தி அடங்கி, சாப்பிட முடிகிற நிலை வந்ததும் மருத்துவர் சொல்லும் உணவைச் சீக்கிரமே கொடுப்பதுதான் இப்போதைய முறை.

சரி, எதைத்தான் கேட்பது? சிறுநீர் எவ்வளவு போனது, ரத்தப் பரிசோதனையில் யூரியாவும், ரத்தம் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று காட்டும் ஹீமட்டோக்ரிட்டும் இறங்குகின்றனவா, மூச்சு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு சுமார் 30 மில்லிக்கு மேல் சிறுநீர் போக வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அனுப்பும்போது ஸ்கேன் கவரை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். என்ன திரவம், எத்தனை மில்லி, எத்தனை மணி முதல் ஏறியது, சிறுநீர் எவ்வளவு என்று எழுதிய தாளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் அங்கே இருப்பவர்கள் கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.