தொடுதிரை தப்பாகப் பதிகிறதா? என் அனுபவம்

தட்டும்போது பக்கத்து எழுத்து விழுந்தால் உடனே டிஸ்ப்ளேயை மாற்ற வேண்டாம். முதலில் சோதியுங்கள். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் ‘பில்ட் நம்பர்’ மீது 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் ‘பாயின்டர் லொகேஷன்’ ஆன் செய்து, மூலைக்கு மூலை விரலால் கோடு இழுங்கள். மெதுவாக இழுப்பது முக்கியம். வேகத்தில் குறை மறைந்துவிடும்.

என் போனில் சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் கோடு நெளிந்தது. விரல் பட்டதும் திரையில் உண்டாகும் மின்தேக்க மாற்றத்தை (மின்னூட்டம் தேங்கும் அளவில் வரும் மாற்றம்) வைத்தே போன் தொடுதலை உணர்கிறது. அது மிக நுண்ணியது. தரமற்ற சார்ஜரின் மின்னிரைச்சல் அதைக் குழப்பிவிடுகிறது. சார்ஜரை மாற்றியதும் கோடு நேரானது.

எப்போதும் ஒரே இடத்தில் கோடு அறுந்தால் ஸ்கிரீன் கார்டைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். ஓரத்தில் மட்டும் பசையுள்ள கண்ணாடிக்கு அடியில் காற்று நிற்கும், தொடுதல் பலவீனமாகும். முழுப்பரப்பும் ஒட்டும் வகையே நல்லது. கழற்றிய பிறகும் அறுந்தால், பெரும்பாலும் பேனல் கோளாறுதான்.

லேசான நெளிவு படம் வரைபவர்களை உறுத்தும்; மற்றவர்களுக்குப் பொருட்டே இல்லை. பொத்தான்களுக்கு ஆண்ட்ராய்டு பரிந்துரைக்கும் அளவே 48 டிபி (dp, ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு), ஏறத்தாழ 9 மி.மீ. கீபோர்டு எழுத்துகள்தான் அதைவிடக் குறுகல். அதன் செட்டிங்ஸில் உயரத்தைக் கூட்டுங்கள், தவறுகள் குறையும்.