மலையூர் மாணவர் ஒலிக்கலை அமைப்புகளில் சேரும் வழி

கோத்தகிரியிலோ குன்னூரிலோ இருந்துகொண்டு மின்னணு இசையோ டிஜிட்டல் கலையோ பயிலும் மாணவர், தொழில்முறை அமைப்பு ஒன்றில் சேருமுன் தம் வேலை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒலிப்பதிவும் ஒலிக்கலவையும் என்றால் 1948-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி. கணினிவழி இசையமைப்பு என்றால் பன்னாட்டுக் கணினி இசைச் சங்கம். அசைபடமும் வரைகலையும் என்றால், முதல் மாநாட்டை 1974-இல் நடத்திய கணினி வரைகலை அமைப்பான சிக்ராஃப். மூன்றிலும் மாணவர்க்குக் குறைந்த கட்டணம் உண்டு.

கட்டணம் டாலரில் என்பதால், வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனையை முன்கூட்டியே திறந்துவையுங்கள். பெரும்பாலும் அது அடைத்தே இருக்கும். கல்லூரி அடையாள அட்டையின் நகலும் கையில் இருக்கட்டும்.

சேர்வதைவிட, சேர்ந்தபின் அனுப்பும் படைப்பே முக்கியம் என்பது என் எண்ணம். தகரக் கூரையில் விழும் ஆடி மழையைப் பதிவு செய்யப்போன நான், பனிமூட்டத்தில் குளிர்ந்த மைக்கை அடுப்படி வெப்பத்துக்குள் அப்படியே கொண்டுவந்து, அதன் வலையில் நீர் கோத்து, ஒரு நாள் முழுவதும் கரகரப்பையே கேட்டேன். உறையிலிட்டு மூடி, சிறிது சிறிதாகச் சூடேற விட்டிருக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோவில் பத்து நிமிடப் பதிவு ஏறத்தாழ 173 எம்பி ஆகுமாதலால், கடைசி நாள் வரை காத்திராமல், மின்சாரமும் சிக்னலும் நிலைத்திருக்கும் வேளையில் அனுப்பிவிடுங்கள்.