ஒரு பாடலும் ஒரு பத்தியும்: ஹிப்ஹொப்பிலும் ஸ்டோயிக் தத்துவத்திலும் அன்றாடப் பாடங்களைத் தேடும் முறை

தாளத்தோடு சொற்களைக் கோத்துச் சொல்லும் ராப்பை உள்ளடக்கிய ஹிப்ஹொப்பிலிருந்தும், நம் கையில் உள்ளதையும் இல்லாததையும் பிரித்தறிந்து வாழக் கற்பிக்கும் பண்டைய ஸ்டோயிக் தத்துவத்திலிருந்தும் வாழ்க்கைக்கு உதவும் பாடங்களைப் பெற விரும்புபவர், பாடலையும் நூலையும் தேடுவதற்கு முன்னர், தம்முடைய நாளில் உண்மையாகவே உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு பிரச்சினையைத் தெரிந்தெடுத்து அதனை ஒரு கொப்பியில் ஒரே வசனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். "வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டிவிட்டார்", "உயர்தரப் பரீட்சையை இரண்டாம் முறை எழுதவேண்டியிருக்கிறது", "வேலையிடத்தில் என் சிங்கள உச்சரிப்பைக் கேலி செய்கிறார்கள்" என்பன போன்ற வசனங்கள் போதுமானவை. பிரச்சினை எதனையும் கையில் கொள்ளாமல் வாசிப்பவருக்கு ஸ்டோயிக் ஆசிரியரான எபிக்டெட்டஸ் காலை வணக்கத்தோடு அனுப்பும் பொன்மொழியாகவும், ராப் வெறும் தாளமாகவும் சுருங்கிவிடுகின்றன.

இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பதற்குத் தக்க காரணம் உண்டு. 1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியிலுள்ள ஒரு மாடிக் குடியிருப்பில், பாடசாலை தொடங்குமுன் புதிய உடுப்பு வாங்கப் பணம் சேர்ப்பதற்காகத் தங்கை ஏற்பாடு செய்த விருந்தில், ஜமேக்காவில் பிறந்த டீஜே கூல் ஹேர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஆடுபவர்கள் பாடலின் நடுவே வரும் சில விநாடி மேளப் பகுதிக்காகவே காத்திருப்பதைக் கவனித்த அவர், ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாறி மாறி இயக்கி அச்சில விநாடிகளை நீட்டிக்கொண்டே போகும் முறையைக் கையாண்டார். அவ்விருந்தே ஹிப்ஹொப்பின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. ஸ்டோயிக் மரபோ கி.மு. 300 அளவில் ஏதென்ஸில் தொடங்கியது. அதனைத் தொடங்கிய ஸீனோ, கப்பல் சிதைந்து சரக்கை இழந்த சைப்பிரஸ் வணிகர் என்று கூறப்படுகிறது. அடிமையாகப் பிறந்த எபிக்டெட்டஸும், உரோமப் பேரரசராக இருந்த மார்க்கஸ் ஒரேலியஸும் அம்மரபில் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்படுகிறார்கள். கையில் இருப்பது எவ்வளவு குறைவாயினும் அதைக்கொண்டு என்ன செய்யலாம் என்ற கேள்வியே இரு மரபுகளையும் இயக்குகிறது.

தொடங்குவதற்கு எபிக்டெட்டஸின் கைந்நூலே (Enchiridion) ஏற்றது என்பது என் துணிபு. அவருடைய மாணவர் அரியன் தொகுத்த அந்நூல் 53 சிறு அத்தியாயங்களை மட்டுமே கொண்டது. பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஓர் அத்தியாயத்தை வாசித்தவுடன் "இதைத்தான் கணியன் பூங்குன்றனார் அன்றே சொல்லிவிட்டாரே" என்று பெருமையோடு நூலை மூடிவைக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. ஒப்புமை உண்மையே, ஆயினும், அதனைக் கண்டதோடு நின்றுவிட்டால் இரண்டு ஆசிரியர்களிடமிருந்தும் நாம் எதனையும் கற்பதில்லை. பாடல்களைப் பொறுத்தவரை, உங்களுக்கு முழுமையாக விளங்கும் மொழியிலேயே தொடங்குங்கள். 2006இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்ட மலேசியாவின் யோகி பி குழுவினரும், நம் நாடான இலங்கையின் கிரிஷான் மகேசனும் தமிழ்ச் சொல்லிசைக்கு, அதாவது தமிழ் ராப்புக்கு, நல்ல வாயில்கள். யாழ்ப்பாணத்தில் சிறுபராயத்தைக் கழித்து இலண்டனுக்குச் சென்ற மாயா அருள்பிரகாசத்தின் (M.I.A.) ஆங்கிலப் பாடல்களை அடுத்ததாகக் கேட்கலாம்.

கேட்கும்போது, முதலில் சொற்களை விட்டுத் தாளத்தை மட்டும் கவனியுங்கள். இரண்டாம் முறை ஒரு சரணத்தை, வழக்கமாகப் பதினாறு அடிகளை, கேட்டுக் கேட்டுக் கையாலேயே எழுதுங்கள். இணையத்திலிருந்து வரிகளை நகலெடுப்பதால் இந்தப் பயன் கிட்டாது. எழுதும் கைதான் எந்தச் சொல் எங்கே விழுகிறது என்பதைக் கண்டுபிடிக்கிறது. பின்னர் ஒவ்வோர் அடியும் கண்டதைச் சொல்கிறதா, வீம்பு பேசுகிறதா, எவரையேனும் எதிர்த்துப் பேசுகிறதா என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பிரச்சினைக்குப் பயன்படும் அடிகள் பெரும்பாலும் முதல் வகையிலேயே கிடைக்கும்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவினர் 1982இல் வெளியிட்ட 'த மெசேஜ்' என்ற பாடல். அது உடைந்த கண்ணாடியையும் நாற்றத்தையும் இரைச்சலையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கூறிய பின்னரே அவை மனிதனை எந்த விளிம்புக்குத் தள்ளுகின்றன என்பதற்கு வருகிறது. அதன் பக்கத்தில் மார்க்கஸ் ஒரேலியஸ் தமக்கே எழுதிக்கொண்ட 'தியானங்கள்' (Meditations) என்ற குறிப்புகளின் எட்டாம் நூலில் உள்ள ஒரு குறிப்பை வையுங்கள்: முதலில் தெரியவந்ததற்கு மேலாக உனக்கு நீயே எதனையும் சேர்த்துச் சொல்லாதே என்கிறார் அவர். ஒருவன் உன்னைப் பழித்தான் என்ற செய்தி வந்தது. உனக்குத் தீங்கு நேர்ந்துவிட்டது என்ற செய்தி வரவில்லை. இப்போது வாடகைப் பிரச்சினையை எழுதிப் பாருங்கள். வெள்ளவத்தையில் இரண்டு அறை வீடு, அடுத்த மாதம் முதல் கூட்டப்படும் தொகை, உங்கள் சம்பளம், பிள்ளையின் பாடசாலைத் தூரம் ஆகியவை செய்திகள். "எங்களைத் தெருவில் விடப் பார்க்கிறார்" என்பது நீங்கள் சேர்த்தது. அது பின்னர் உண்மையாகவும் கூடும். ஆனால் அதனை அடித்துவிட்டு வாசித்தால், அடுத்து யாரிடம் எதைக் கேட்கவேண்டும் என்பது தெளிவாகும்.

கேலியையும் அவமதிப்பையும் பற்றி இரு மரபுகளும் தரும் பாடம் இதனிலும் செறிவானது. 2002இல் ராப் பாடகர் எமினெம் நடித்து வெளிவந்த 'எயிட் மைல்' திரைப்படத்தின் இறுதிச் சொற்போரில், அதாவது இருவர் மாறி மாறி ராப்பால் ஒருவரையொருவர் தாக்கும் போட்டியில், நாயகன் எதிராளி தன்னைப் பற்றிச் சொல்லக்கூடியவற்றையெல்லாம், தன் வறுமையையும் தோல்வியையும் உட்பட, தானே முதலில் சொல்லிமுடித்துவிடுகிறான். ஒலிவாங்கியைப் பெற்ற எதிராளிக்குச் சொல்ல எதுவும் எஞ்சவில்லை. எபிக்டெட்டஸின் கைந்நூலில் 33ஆம் அத்தியாயம் ஏறத்தாழ இதனையே கூறுகிறது: ஒருவர் உன்னைப் பற்றித் தீதாகப் பேசினார் என்று கேள்விப்பட்டால் உன்னைக் காத்துப் பேசாதே, "என் மற்றக் குறைகள் அவருக்குத் தெரியாதுபோலும், தெரிந்திருந்தால் இவற்றை மட்டும் சொல்லியிருக்கமாட்டார்" என்று விடைகூறு.

இதனைக் கொழும்பில் கையாள்பவர் ஒரு வேறுபாட்டைக் கவனமாகக் காக்கவேண்டும். கோப்பொன்றைப் பிந்திக் கொடுத்தது குறை. அதனை மற்றவர் சொல்வதற்கு முன் நீங்களே சொல்லிவிடலாம். ஹற்றனிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ வந்தவர் என்பதும், சிங்களத்தைத் தமிழ் நாவால் பேசுவதும் குறைகளே அல்ல. திரைப்பட நாயகனும் தன் வறுமையைக் குற்றமாக ஒப்புக்கொள்ளவில்லை. நடந்த ஒன்றாகக் கூறினான். "ஆம், நான் சிங்களத்தை இருபது வயதில்தான் படித்தேன்" என்று தலைநிமிர்ந்து சொல்வதற்கும், மன்னிப்புக் கேட்கும் குரலில் அதே வசனத்தைச் சொல்வதற்கும் மலையளவு வேறுபாடு உண்டு. அந்தத் தொனியை வீட்டில் உரக்கச் சொல்லிப் பழகவேண்டும். சொற்போர்க் கலைஞர்களும் பழகித்தான் மேடை ஏறுகிறார்கள்.

பழகுவதற்கு நான்கு அடிகளை உங்கள் ஊர்த்தமிழிலேயே எதுகையோடு எழுதி, நிமிடத்துக்கு 90 தட்டுகள் கொண்ட தாளத்தில் சொல்லிப் பாருங்கள். அடிக்கு நான்கு தட்டுகளாகப் பதினாறு தட்டுகள் முடிய ஏறத்தாழ 11 விநாடிகள் செல்லும். சினத்துக்கும் மறுமொழிக்கும் இடையில் அவ்வளவு இடைவெளி பெரும்பாலும் போதுமானது. இரவில், உரோம ஸ்டோயிக் எழுத்தாளர் செனெக்கா தம் ஆசிரியர் மரபில் பெற்ற மூன்று கேள்விகளைக் கொப்பியில் எழுதுங்கள்: இன்று எந்தத் தீய பழக்கத்தைத் திருத்தினேன், எந்தக் குறையை எதிர்த்து நின்றேன், எவ்வகையில் மேம்பட்டேன். விளக்கணைந்தபின் அவர் நாள் முழுவதையும் இப்படி ஆராய்ந்து, "இம்முறை மன்னிக்கிறேன், மீண்டும் செய்யாதே" என்று தமக்கே சொல்லிக்கொள்வாராம். அந்தக் கனிவையும் சேர்த்தே பின்பற்றுங்கள்.

இரு மரபுகளும் முரண்படும் இடங்களை மூடிமறைக்க வேண்டியதில்லை. தங்கச் சங்கிலியையும் வாகனத்தையும் பாடும் ராப் பாடகரைக் கண்டு முகஞ்சுளிப்பவர், எளிமையைப் போதித்த செனெக்கா பேரரசர் நீரோவின் அவையில் பெருஞ்செல்வராக வாழ்ந்தவர் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். சினமோ இன்னும் கடினமான விடயம். ஸ்டோயிக்குகள் சினத்தை நோயாகக் கண்டார்கள். ஹிப்ஹொப் அநீதியின் முன் அதனைக் குரலாக்கியது. ஆனால் ஸ்டோயிக் அமைதியை வாய்மூடிக் கிடப்பதாகக் கொள்வது பெரும் பிழை. செனற் சபைக்கு வரவேண்டாம் என்று பேரரசர் வெஸ்பாசியன் தடுத்தபோதும், உறுப்பினனாக இருக்கும்வரை வருவேன் என்று மறுத்த ஹெல்விடியஸ் பிரிஸ்கஸை எபிக்டெட்டஸ் போற்றிப் பேசுகிறார்.

ஆகவே, பொதுக் குளியலறைக்குப் போகுமுன் அங்கே நீரை இறைப்பவரும் இடிப்பவரும் இருப்பார்கள் என்று எண்ணிக்கொள் என்ற எபிக்டெட்டஸின் அறிவுரையை, காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போகும் காலைக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்: நெரிசலும், மீதிக்காசு தராத நடத்துநரும், உரத்த பாட்டும் முன்னமே எண்ணிக்கொள்ள வேண்டியவை. அதே பஸ்ஸில் ஒரு பெண்ணின்மேல் எவனாவது கைவைத்தால், அது பொறுத்துக்கொள்ளவேண்டிய நெரிசலில் சேராது. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி அது குற்றம். குரலை உயர்த்தி நடத்துநரை பஸ்ஸை நிறுத்தச் சொல்வதும், பொலிஸாரை 119இல் அழைப்பதும், அருகில் நிற்பவர் சாட்சியாகத் தம் பெயரைக் கொடுப்பதுமே அந்த வேளையில் செய்யவேண்டியவை.